வெளுத்த கறுப்பு

பிளாஸ்டிக் பம்பருக்கு வண்ணம் பூசுவதைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். தறியைப் பற்றி எழுதினால் இலக்கியம், அந்தத் தறியில் நெய்த துணியை ஏற்றிப்போகும் வண்டியைப் பற்றி எழுதினால் மெக்கானிக் சமாசாரம் என்று நாமாகவே ஒரு பிரிவினையைச் செய்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினையின் நிழலில் பல அசட்டுக் கருத்துகள் கேட்பாரில்லாமல் உலவுகின்றன. வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்கை ‘வயதின் அழகு’ என்று சிலாகிப்பது அவற்றில் ஒன்று. அதற்கு வண்ணம் பூசுகிறவனைப் பழைய வண்டியைப் புதிதாக்கி விற்கும் ஏமாற்றுக்காரனாகப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டு கருத்துகளோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏனென்றால் இரண்டுமே, அந்தக் கறுப்பு ஏன் வெளுத்தது என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கின்றன.

பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பேரூராட்சி. திருத்தணி மலை பக்கத்தில். எல்லையைத் தாண்டினால் நகரி. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வரலாறு வாசகர்களுக்குத் தெரியும். ஊரின் தொழில் நெசவு. விசைத்தறியின் ஓசையைத் தாளமாகக் கொண்டே தெருக்கள் விழித்திருக்கும். நூல் கோன்கள் உள்ளே வருவதும், சுற்றிய பாவு ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போவதும், மடித்துக் கட்டிய துணி வெளியூருக்குக் கிளம்புவதும் இன்று சிறிய லோடு வண்டிகளில்தான். 2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்து, நிறுவனம் வைத்த பெயரை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 2011இல் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் இருக்கிறது. ஓட்டுநரே உரிமையாளர், உரிமையாளரே சில நாட்களில் சுமை தூக்குபவர் என்ற வகையைச் சேர்ந்த வண்டிகள் இவை.

இவற்றின் முகத்தைப் பாருங்கள். பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவுப் பிடி, வைப்பருக்குக் கீழே ஓடும் பட்டை, சில வண்டிகளில் சக்கர வளைவின் விளிம்பு. எல்லாம் வண்ணம் பூசாத வெறும் கறுப்பு பிளாஸ்டிக். பட்டறையில் இதை ‘ஃபைபர்’ என்பார்கள். அதில் நார் எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். ஷோரூமை விட்டு வரும் நாளில் அடர்ந்த கறுப்பாக இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலைச் செய்தித்தாளில் போடும்போதெல்லாம் திருத்தணியின் பெயர் இருக்கும். அந்த வெயிலில் சில கோடைகள் நின்றால் அதே கறுப்பு, அடுப்பில் அணைந்த கரி மீது சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். முதலில் மேல் விளிம்பு, பிறகு பம்பரின் நெற்றி, கடைசியாக நிழல்பட்ட கீழ்ப்பகுதி. வெயில் எந்த வரிசையில் தின்றது என்பதை வண்டியே எழுதிக் காட்டும்.

சென்னைப் புகைப்படக்கார நண்பர் ஒருவருக்கு இது பிடித்திருக்கிறது. காலம் பொருள்களின் மேல் எழுதும் கவிதை என்கிறார். ஜப்பானியர்கள் பழமையின் களிம்பைப் போற்றுகிறார்கள், தனிஸாகி 1930களிலேயே நிழலைப் பற்றியும் மங்கலைப் பற்றியும் ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கிறார், நாம்தான் எல்லாவற்றையும் பளபளப்பாக்கிக் கெடுக்கிறோம் என்பது அவர் கட்சி. தனிஸாகி பேசியது அரக்குப் பூச்சையும் காகிதத்தையும் மரத்தையும் உலோகத்தையும் பற்றி. வெண்கலத்தின் மேல் படியும் பச்சைக் களிம்பு பெரும்பாலும் அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கைப்பட்டுக் கறுத்த தேக்குத் தூண் கையின் எண்ணெயால் இறுகுகிறது. பிளாஸ்டிக் அப்படிப்பட்டதல்ல. அதன் சாம்பல் நிறம் ஒரு மேற்பூச்சு அல்ல, முறிவு. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கொள்வது அழுக்கு அல்ல, பம்பரேதான். களிம்பேறிய விளக்கு இன்னும் நூறு ஆண்டு நிற்கும். சாம்பல் பூத்த பம்பர், சந்து திரும்பும்போது சுவரில் லேசாக இடித்தால் வளைந்து கொடுக்காமல் பிளக்கும். அந்த வண்டிக்குச் சொந்தக்காரரல்லாத ஒருவர் அதில் அழகைக் காண்பது மிகவும் சௌகரியமானது என்பதைத் தவிர இந்த அழகியலைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை.

முறிவு எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. பம்பரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் அச்சிலேயே பொறித்த ஒரு குறிப்பு இருக்கும்: பி.பி., கூட்டல் குறி, இ.பி.டி.எம்., பிறகு டி.டி. 20 என்பதுபோல் ஏதோ ஓர் எண். பாலிபுரொப்பிலீன், அதில் கலந்த ஒரு ரப்பர், நூற்றுக்கு இருபது பங்கு டால்க் என்று பொருள். டால்க் என்றால் முகப்பவுடரில் இருக்கும் அதே மாக்கல் தூள். பாலிபுரொப்பிலீன் 1954இல் இத்தாலியில் நட்டாவின் ஆய்வகத்தில் உருப்பெற்றது. 1963இல் அவருக்கும் ஜெர்மானியரான ஸீக்லருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலிவானது, எடை குறைந்தது, அமிலத்துக்கு எளிதில் அசையாதது. ஆனால் பிறவியிலேயே ஒரு பலவீனம். அதன் நீண்ட கார்பன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில், எளிதில் பிடுங்கிவிடக்கூடிய ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் முதலில் அதுதான் போகும். அது போன இடத்தில் சங்கிலி அறுபடும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறிக்காரர் நிறுத்தி முடிச்சுப் போடுவார். இங்கே முடிச்சுப் போட யாருமில்லை. மேல்தோல் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளாகப் பிளக்கிறது. அதுவரை மூழ்கிக் கிடந்த டால்க் வெளியே தலைகாட்டுகிறது.

இதில் கறுப்பு எங்கும் போய்விடவில்லை என்பதுதான் வேடிக்கை. பம்பருக்குக் கறுப்பைத் தருவது பெரும்பாலும் கார்பன் கரி. கரி வெளுக்காது. கண்ணாடியை இடித்தால் வெள்ளைப் பொடியாவதைப் பார்த்திருப்போம். கண்ணாடிக்கு வெள்ளை நிறம் கிடையாது, உடைந்த விளிம்புகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பம்பரிலும் அதுவே நடக்கிறது. மேலே வெள்ளைத் திரை, உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கறுப்பு திரும்பி வரும், காய்ந்ததும் போய்விடும். நனைந்த துணி கருத்துத் தெரிவதன் காரணமும் இதுதான் என்பதால், பொதட்டூர்பேட்டையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

பாட்டில் வியாபாரத்தின் ரகசியம் முழுவதும் இந்த நனைந்த துணிக்குள் அடங்கிவிடுகிறது. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் பம்பருக்கும் என்று விற்கப்படும் சிலிக்கான் திரவம், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், சில இடங்களில் வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில். எல்லாம் செய்வது ஒன்றே: வெடிப்புகளை நிரப்பி, காயாத ஈரமாக நடிப்பது. ஒரு மழை, இரண்டு வாரத்து வெயில், கதை முடிந்தது. அதற்குள் தறிக் கொட்டகை வாசலில் பறக்கும் பஞ்சுத் துசும் சாலைப் புழுதியும் அந்த எண்ணெயில் ஒட்டிப் பிசுக்காகிவிடும். மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் பட்டால் அது ஊதிப் பருத்து நெகிழும்; அதுவும் இ.பி.டி.எம். வகைதான், எண்ணெய்க்குத் தாங்காது. துணிக் கடையில் கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கும். முதல் வெளுப்பில் கஞ்சி கரைந்ததும் அதன் உண்மையான நெருக்கம் எவ்வளவு என்று தெரியும். கஞ்சியின் மிடுக்கைப் பார்த்துத் துணி வாங்கும் நெசவாளி யாருமில்லை. அதே நெசவாளி வண்டிக்காரராகும்போது மட்டும் கஞ்சியை நம்ப வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் பம்பரை வாட்டிக் கறுப்பை வரவழைக்கும் வித்தையும் இந்த ரகம்தான். மேல்தோலை உருக்கி வெடிப்பை மூடுகிறார்கள். பார்க்க அதிசயமாக இருக்கும். எஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச ஆயுளும் அந்தச் சூட்டில் செலவாகிறது.

சரி, வெயிலில் வைத்தால் எல்லாம்தானே கெடும், இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்கலாம். மொட்டைமாடியைப் பாருங்கள். அங்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிழலே இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கிறது. வயல் வரப்பில் கறுப்புக் குழாய் கிடக்கிறது. அவை பாலிஎத்திலீன், பிளாஸ்டிக்கில் வேறு குலம், கொஞ்சம் பொறுமைசாலி என்பது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4984, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கார்பன் கரி, அரைப் பங்கு கூடலாம் குறையலாம் என்று எண்ணிச் சொல்கிறது. கரி நிறத்துக்காக மட்டும் அல்ல. புறஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கும் காவலும் அதுதான். விவசாயியின் குழாய்க்கு எத்தனை கரி என்று ஓர் எண் இருக்கிறது. குட்டி யானையின் பம்பருக்கு அப்படி ஓர் எண்ணை விற்பனைச் சீட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

துணிக்கும் எண் உண்டு. சாயம் வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க நீலக் கம்பளித் துண்டுகளின் அளவுகோல் ஒன்று உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 1 என்றால் சீக்கிரம் போகும், 8 என்றால் நெடுங்காலம் நிற்கும். ஏற்றுமதிக்குப் போகும் துணி அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் சரக்கு திரும்பி வரும், நஷ்டம் நெய்தவன் தலையில் விடியும். வாகன நிறுவனங்களுக்கு இந்த மாதிரிச் சோதனை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. செனான் விளக்கின் அடியில் பிளாஸ்டிக்கை வைத்து, வெயிலும் பனியும் மாறி மாறி வருவதுபோல் தண்ணீர் தெளித்து, நூற்றுக்கணக்கான மணி நேரம் வாட்டிப் பார்க்கும் முறைகள் பல பத்தாண்டுகளாக அவர்களிடம் இருக்கின்றன. முறிவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. ‘ஹால்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமீன் வகைச் சேர்மங்கள் 1970களிலிருந்து சந்தையில் உள்ளவை; எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே போதும். அதை எவ்வளவு கலப்பது என்பது ஆய்வகத்தில் எடுக்கப்படும் முடிவு அல்ல, கணக்குப்பிள்ளை எடுக்கும் முடிவு. வண்டி எத்தனை கோடை தாங்கினால் போதும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் வாங்குபவனுக்குச் சொல்லப்படவில்லை. உத்தரவாதப் புத்தகத்தைப் புரட்டினால் வெயிலாலும் மழையாலும் நேரும் நிறமாற்றம் வழக்கமாக விலக்குகளின் பட்டியலில் இருக்கும்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதுவும் நம் பக்கத்துத் துணியைப் பற்றியது. மெட்ராஸ் செக் என்று உலகம் அறிந்த கட்டம்போட்ட கைத்தறித் துணி. பலமுறை எழுதப்பட்ட கதைதான். 1958இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, அதை வாங்கி உடுத்திய அமெரிக்கர்கள் வரை போய்ச் சேரவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் ஓடியது. வழக்குப் போடுவோம் என்று மிரட்டல். அங்கேதான் விளம்பரத்தின் மேதைமை புகுந்தது. சாயம் ஓடுவதே இதன் சிறப்பு, ஒவ்வொரு சலவையிலும் புதிய நிறம் என்று எழுதி, சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். துணி இன்னும் வேகமாக விற்றது.

அந்த மேதைமையின் வாரிசுகள்தான் இன்று கார் விளம்பரம் எழுதுகிறார்கள். சாதாரணக் காரில் மலிவான மாடலுக்கு வெறும் கறுப்பு பம்பர், கறுப்புக் கதவுப் பிடி. காசு கூடக் கொடுத்தால் வண்டியின் நிறத்திலேயே வரும். கறுப்பு பிளாஸ்டிக் அங்கே ஏழ்மையின் அடையாளம். அதே கறுப்பு பிளாஸ்டிக்கை விலை உயர்ந்த ஜீப் ரகக் காரின் சக்கர வளைவைச் சுற்றி ஒட்டினால் அது முரட்டு அழகு, சாகசத்தின் அடையாளம். 1972இல் ரெனோ 5 கார் பிளாஸ்டிக் பம்பரோடு வந்தபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. நகர நெரிசலில் சின்ன இடிகளை வாங்கிக்கொண்டு நிமிர வேண்டும் என்பது அதன் நோக்கம். நம்முடைய அம்பாசடரின் குரோம் பூசிய இரும்பு பம்பர் இடித்தால் நசுங்கும், துருப்பிடிக்கும், தட்டி நிமிர்த்த வேண்டும். ஆக, பிளாஸ்டிக் வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வண்ணம் பூசும் கூடம் ஒரு வாகன ஆலையில் மிகுந்த செலவும் மின்சாரமும் விழுங்கும் பகுதி. அதைத் தவிர்த்து மிச்சம் பிடித்துவிட்டு, அந்த மிச்சத்தை ‘முரட்டுத்தனம்’ என்று பெயரிட்டு விற்பதுதான் தவறு. பணக்காரருடைய கார் வெளுத்தால் நிறுவனத்துக்கு எழுதுவார், பட்டையை மாற்றிக்கொள்வார். லோடு வண்டிக்காரர் என்ன செய்வார்?

அவருக்கு அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. வாடகைக்குக் கூப்பிடும் வியாபாரி வண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் வாடகை பேசுகிறார். விற்கப் போனால் தரகர் முதலில் விரல் வைப்பது பம்பரின் மேல். என்ஜின் எத்தனை நன்றாக இருந்தாலும், வெளுத்த பிளாஸ்டிக் ‘கவனிக்கப்படாத வண்டி’ என்று சொல்லி விலையைக் கீழே இழுத்துவிடும். பிறகு எஃப்.சி. இருக்கிறது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, எட்டு ஆண்டு வரையிலான வாடகை வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சான்று கொடுப்பது பிரேக்குக்கும் விளக்குக்கும் புகைக்கும்தான் என்றாலும், வண்ணம் அடிக்காத வண்டியை யாரும் எஃப்.சி.க்கு விடுவதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று இன்றும் நம் மக்கள் அழைக்கும் அதிகாரியின் முன் வண்டி பார்க்கும்படியாக நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதற்காகக் கடைசி இரண்டு நாளில், அழுக்கின் மேலேயே எனாமலைப் பிரஷ்ஷால் இழுத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதைத்தான் நம் அறிவாளிகள் பார்த்துவிட்டு, வண்ணம் பூசுவதே ஏமாற்று என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவசரத்தில் செய்த கெட்ட வேலையைப் பார்த்து அந்த வேலையையே பழிப்பது, சாயம் போகும் லுங்கியைப் பார்த்து நெசவையே பழிப்பதற்குச் சமம்.

ஒழுங்காகச் செய்தால் அந்த வேலை ஏமாற்று அல்ல, ஆலை பாதியில் விட்ட வேலையை முடித்துவைப்பது. ஒழுங்கு என்பது என்ன என்பதைச் சொல்லாமல் இப்படிப் பேசுவது வெறும் சவடாலாகிவிடும். பாலிபுரொப்பிலீனின் மேல் எதுவும் சுலபமாக ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் என்ற உவமையை இதற்குத் தாராளமாகச் சொல்லலாம். அதன் மேற்பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு. அதிலும் வெளுத்த பம்பர் என்றால் மேலே நிற்பது பொடி. பொடியின் மேல் பூசிய வண்ணம் பொடியோடு சேர்ந்து உரியும், பாம்புச் சட்டைபோல் முழுசாக. ஆகவே பாதிக்கு மேல் வேலை வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, ஏற்கெனவே தடவிய சிலிக்கானையும் எண்ணெயையும் போக்க வேண்டும். துளி சிலிக்கான் மிஞ்சினாலும் வண்ணம் அந்த இடத்தில் மீன் கண்போல் குழிந்து விலகிக்கொள்ளும். பிறகு எமரித் தாளாலும் பாத்திரம் தேய்க்கும் நாராலும், சாம்பல் போய் உள்ளிருக்கும் கறுப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிடிப்புப் பூச்சை மெல்லியதாக ஒரு தடவை. இந்தப் பிடிப்புப் பூச்சுதான் சூட்சுமம். குளோரின் ஏற்றிய ஒரு வகைப் பிசின் அது. ஒரு முனையால் பாலிபுரொப்பிலீனையும் மறு முனையால் வண்ணத்தையும் பிடித்துக்கொள்ளும். இரும்புக்குப் பூசும் பிரைமரை அங்கே பூசினால் அந்தப் பிடி கிடைக்காது. அதற்கு மேல் மங்கல் கறுப்பு, தடித்த ஒரு கோட்டாக அல்லாமல் மெல்லிய மூன்று கோட்டாக. பழைய டூகோ வகை வண்ணம் இறுகி நிற்கும், பம்பர் வளையும்போது அது வளையாமல் வெடிக்கும். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் நல்லது. ஒரு நாள் தொடாமல் காயவிட வேண்டும், ஒரு வாரம் கழுவாமல் இருக்க வேண்டும்.

இந்த ‘ஒரு நாள்’ என்பதைக் கவனியுங்கள். வண்ணத்தின் விலையைவிடப் பெரிய செலவு அதுதான், ஒரு நாள் வாடகை. கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு நாள். தவணை கட்டுகிறவனிடம் இரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை. பாட்டில் திரவம் விற்பது அது நல்லது என்பதால் அல்ல, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்பதால்.

செலவு அதோடும் நிற்பதில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. பட்டறைகளில் நீடித்த உழைப்புக்கு என்று பரிந்துரைக்கப்படுவது கடினமாக்கி கலந்த பி.யூ. வண்ணம். உண்மையில் அது நீடிக்கும். அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் மூட்டம் நுரையீரலுக்குள் போனால் தொழில்வழி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடல் அதற்கு எதிர்ப்பைப் பழகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை இறுக்கப் போதும். நம் சாலையோரப் பட்டறையில் ஸ்பிரே கன்னைப் பிடித்திருக்கும் பையன் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. கைக்குட்டை புழுதியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆலையில் இதே வேலை நடந்தால் காற்றை உறிஞ்சி வடிகட்டும் கூடம் இருக்கும், இயந்திரக் கை தெளிக்கும், அருகே போகும் மனிதனுக்கு முழு முகமூடி இருக்கும். பாதுகாப்பாகச் செய்ய முடிந்த இடத்தில் செய்யாமல் விட்ட வேலை, பாதுகாப்பு எதுவுமே இல்லாத இடத்துக்கு வந்து சேர்கிறது. வழியில் ஒவ்வொரு கையிலும் அதன் விலை ஏறுகிறது. மிச்சம் பிடித்த நிறுவனத்தின் லாபக் கணக்கில் அந்தப் பையனின் மூச்சு எந்தப் பத்தியிலும் வராது. பம்பருக்குக் கடினமாக்கி கலக்காத ஒற்றை வண்ணமே போதும், இரண்டு ஆண்டு குறைவாக உழைத்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. கூடவே, தேய்க்கும்போது பறக்கும் பொடியும் டால்க்கும் பிளாஸ்டிக்கும்தான். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அது பறக்காது.

புதிய பம்பரே வாங்கி மாட்டிவிடலாமே என்கிற யோசனையும் சொல்லப்படுகிறது. மாட்டலாம். அதே பாலிபுரொப்பிலீன், அதே கணக்குப்பிள்ளையின் தீர்மானம், அதே திருத்தணி வெயில். கழற்றிய பழையது காயலான் கடைக்குப் போகும். நிறுவனத்துக்கு ஒரே பொருளை இரண்டு தடவை விற்ற லாபம். நகல் பம்பர் மலிவாகக் கிடைக்கிறது. அதன் உட்புறத்தில் பொறித்த எழுத்தைத் தேடிப் பாருங்கள், பல சமயம் ஒன்றும் இருக்காது.

சாயம் வெளுத்துப்போச்சு என்று நம் மொழியில் ஒரு வழக்கு இருக்கிறது. நீலச் சாயத் தொட்டியில் விழுந்து ராஜாவாக நடித்த நரியின் கதையிலிருந்து வந்ததோ என்னவோ, வேஷம் கலைந்தது என்ற பொருளில்தான் அதைச் சொல்கிறோம். பிடிபட்டவன் நரி. பம்பர் விஷயத்தில் இந்த வழக்கைத் தலைகீழாக்கி, வெளுத்த வண்டியின் சொந்தக்காரனை நரியாக்கியிருக்கிறோம். அவன் பராமரிக்கவில்லை, அவன் தேய்க்கவில்லை, அவன் நிழலில் நிறுத்தவில்லை. நூல் ஏற்ற வந்த வண்டி தறிக் கொட்டகை வாசலில் வெயிலில்தான் நிற்கும். அதற்காகத்தான் அவன் அதை வாங்கினான். வெயிலில் நிற்க முடியாத ஒன்றை வெயிலில் நிற்பதற்கென்றே விற்றவரைப் பற்றி மட்டும் நமக்கு எந்த வழக்கும் இல்லை.

நான் கேட்பது ஓர் எண். செனான் விளக்கின் கீழ் எத்தனை மணி நேரம், அதற்குப் பின் நிறம் எவ்வளவு மாறியது. நிறுவனத்திடம் அது ஏற்கெனவே இருக்கிறது. எரிபொருள் கணக்கை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்தில் அதையும் அச்சிடலாம். லுங்கிக்குக் கேட்கப்படும் கணக்கு லுங்கியைச் சுமக்கும் வண்டிக்கும் கேட்கப்பட வேண்டும் என்பதில் புரட்சி எதுவும் இல்லை.

அதுவரை வண்ணம் பூசித்தான் ஆக வேண்டும், பூசுகிறவர்கள் காலத்தையாவது சரியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆயுத பூஜைக்கு வண்டி புதிதாக நிற்க வேண்டும் என்பதால் பலரும் புரட்டாசிக் கடைசியில் அவசர அவசரமாக அடிக்கிறார்கள். காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும் காலம் அது; டூகோ வகை வண்ணம் காயும்போது அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும், எதற்காகப் பூசினோமோ அதுவே மறுபடியும். பொங்கல் முடிந்து பனி விட்டதும், மாசியில், வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கினால் மூன்று கோட்டும் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.